கதையில் செத்துப்போன சேசம்மா

போன ஞாயிறு மாதா சபைக் கூட்டத்தில் ஒரு சிறுகதையைச் சத்தமாக வாசித்தேன். மூன்றாம் பக்கம் வரும்போது ஒருவர் விம்மி விம்மி அழுதார்.

கதையை எழுதியவர்!

தன் கதைக்குத் தானே அழும் எழுத்தாளரை நான் அதுவரை பார்த்ததில்லை. மலாயாவில் நீலாய் பக்கம் இருக்கும் எங்கள் ரப்பர் எஸ்டேட்டின் பெரிய கிராணியார், அதாவது தலைமைக் குமாஸ்தா, அவர். ஆபீசில் அவர்தான் எல்லாம். லயத்துக் கோயிலில் ஜெபம் நடத்துவதும் அவர்தான். கதை திருவிழா மலரில் அச்சாகியிருந்தது. கான்வென்ட்டில் படித்தவள், எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வீட்டம்மா... வாசிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மாட்டேன் என்று சொல்லத் தெரியாத பிறவி நான். இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை, கையில் மலர்.

கதை இதுதான். ஒரு கிராணி கோழைத்தனத்தால், ஒரு பை அரிசி விஷயத்தில், ஓர் ஏழைப் பெண்ணுக்குத் துரோகம் செய்கிறான். அப்புறம் சோறு இறங்குவதில்லை. ஜெபமாலை கையிலிருந்து நழுவுகிறது. மழையில் நடக்கிறான் — நம் கதைகளில் மனம் வருந்துகிறவர்கள் குடை எடுப்பதே இல்லையே, ஏன்? கடைசியில் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்கிறான். மணி ஒலிக்கிறது. கோயில் ஜன்னல் வழியாக அவன் நெற்றியில், சரியாக நெற்றியில், வெயில் விழுகிறது.

அந்தப் பெண்?

காய்ச்சலில் கிடக்கிறாள். "ஐயா, தங்களை நான் என்றோ மன்னித்துவிட்டேன்" என்கிறாள். பால்மரம் வெட்டுகிறவள், செந்தமிழில்! சொன்ன கையோடு செத்தும் போகிறாள்.

எண்ணிப் பார்த்தேன். கதாநாயகன் பதினொரு தடவை அழுகிறான். அவளுக்கு ஒரு பெயர்கூட இல்லை. பாவம் செய்தவனுக்கு மூன்று பக்கம், பட்டவளுக்கு மூன்று வரி. நம் ஞானக் கதைகளில் இப்படி ஒரு வேலை எப்போதும் காலியாக இருக்கும் போலிருக்கிறது. வந்து, மன்னித்து, உடனே இடத்தைக் காலி செய்துவிட வேண்டும்.

வாசித்து முடித்தேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். "என்னமா எழுதியிருக்காரு லா!" என்றாள் ஒருத்தி.

பின் வரிசையில் இருந்து ஒரு குரல்.

"ஐயா, நான் எதுல செத்தேன்? மலேரியாவா, டைப்பாய்டா?"

சேசம்மா. (அவள் சொன்னதன் பேரில் எழுதுகிறேன். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.)

கிராணியாரின் கைக்குட்டை பாதி வழியில் நின்றது. "அது கதை லா, புள்ள. நீ இல்ல."

"அப்ப அந்த அரிசி?"

"அது... கற்பனை."

"கற்பனை அரிசிக்கா ஐயா என்னை எட்டு மாசம் உள்ள வெச்சாங்க?"

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பது எங்கள் வேதக்காரப் பெண்களின் பழக்கம். மாதத்தின் முதல் ஞாயிறு லோரியில் டவுன் கோயிலுக்குப் போகும்போது கொண்டுபோய்க் கொடுப்போம். ஏழைகளுக்குக் கஞ்சியாகும். அவசரகாலச் சட்டம் வந்து, லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டு, ஒரு மணி அரிசிகூட கேட்டைத் தாண்டக் கூடாது, காட்டுக்காரர்களுக்கு, அதாவது காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு, போய்ச் சேரும் என்று உத்தரவு போட்டார்கள். டவுன் கோயில் சாமியார் உடனே கடிதம் அனுப்பினார்: பிடி அரிசியை நிறுத்திவிடுங்கள் என்று. ஜெபத்தில் அதை வாசிக்க வேண்டியவர் கிராணியார். வாசிக்க மறந்துவிட்டார்.

மறதி யாருக்கு இல்லை? எனக்கும் உண்டு. ஆனால் அந்த முதல் ஞாயிறு, கேட்டில் போலீஸ் சோதனையில் சேசம்மாவின் பையிலிருந்து அரிசி வெளியே வந்தபோது, "சாமி அரிசிங்க, கிராணியாரையே கேளுங்க" என்று அவள் கை காட்டினாள். கிராணியார் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். "எனக்கு ஒன்றும் தெரியாது" என்றார்.

கோயிலே நிறுத்தச் சொல்லிவிட்ட அரிசி. அப்புறம் அவள் சொல்வதை யார் நம்புவார்கள்? எட்டு மாதம் தடுப்புக்காவல். வெளியே விட்டும் விடவில்லை. அடுத்த மாதம் சிரம்பானில் கடைசி விசாரணை. அவள் பக்கம் சாட்சி இல்லையென்றால் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்களாம். அவள் இந்தியாவைப் பார்த்ததே கிடையாது. அவளுடைய பிள்ளைக்கு மூன்று வயது.

"மன்னிச்சதாவே இருக்கட்டும் ஐயா," என்றாள் சேசம்மா. "வர்ற சனிக்கெழம போலீஸ் டேசனுக்கு வந்து, 'கடுதாசிய நான் படிக்கல, அது கோயிலு அரிசிதான்'னு ஒரு வார்த்த சொல்லிருங்க. போதும்."

கிராணியார் மேலே பார்த்தார். "சாமியார்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன் புள்ள. ஆண்டவர் மன்னிச்சிட்டாரு. அதுக்கு மேல நான் என்னா செய்ய?"

"சாமியாரு டேசன்ல சொல்லுவாரா?"

"பாவசங்கீர்த்தனத்தில கேட்டத அவர் வெளிய சொல்லக் கூடாது. அது திருச்சபை சட்டம்."

எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்! உலகத்திலேயே உண்மையை வெளியில் சொல்ல முடியாத ஒரே மனிதராகத் தேடிப் பிடித்து, அவரிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கிறார். மிச்சத்தைக் கதையாக எழுதியிருக்கிறார். ஏன் அவளைச் சாகடித்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. செத்தவள் சனிக்கிழமை டேசனுக்குக் கூப்பிட மாட்டாள்.

திருடியதைத் திருப்பிக் கொடுக்காமல் திருட்டுக்கு மன்னிப்பு இல்லை என்று ஞானோபதேசத்தில் ஆறு வயதில் மனப்பாடம் செய்தோமே. ஒருத்தியின் பெயரைத் திருடினால் மட்டும் ஒரு சிறுகதை போதுமா?

இதையெல்லாம் அங்கேயே கேட்டேனா? இல்லை. மலரை மடித்து வைத்தேன். "குழந்தைக்குப் பசி" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். குழந்தை அப்போதுதான் பால் குடித்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கிராணியாரை வாயாரத் திட்டினேன். என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாக, "நீயும் அன்னைக்கு லோரியிலதானே இருந்த?" என்றார்.

இருந்தேன். கேட்டில் இறங்கி வரிசையில் நின்றபோது சேசம்மாவுக்கு இரண்டு பேருக்குப் பின்னால். என் பையிலும் பிடி அரிசி இருந்தது — குழந்தைத் துணிகளுக்கு அடியில், பழைய பால்டின்னில். டிரஸ்ஸர் வீட்டம்மாவின் பையை யாரும் திறக்கவில்லை. "கடிதம் ஒன்றும் வாசிக்கப்படவில்லை, இதோ என் அரிசி" என்று நான் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான்கு மாதக் கைக்குழந்தை, கணவருக்கு எஸ்டேட் வேலை, குவார்ட்டர்ஸ் வீடு... எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்தன. லோரியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கோயிலில் அரிசியைக் கொடுத்து ஆசீர்வாதமும் வாங்கிக்கொண்டேன்.

கிராணியாருக்காவது அழத் தெரிந்தது.

சனிக்கிழமை நானே டேசனுக்குப் போகிறேன் என்றேன். "நாளைக்கு நம்ம வீட்ட சோதன போட்டா? உன்னையும் உள்ள வெச்சா? புள்ளைய யார் பாக்குறது?" என்றார் வீட்டுக்காரர். அத்தனையும் நியாயமான கேள்விகள். வெள்ளிக்கிழமை முழுக்க, போகாமலிருக்க நல்ல காரணம் ஏதாவது கிடைக்காதா என்று குழந்தையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை.

நானும் சேசம்மாவும் போனோம். கிராணியார் வரவில்லை. திருவிழாக் கமிட்டிக் கூட்டமாம். வழி முழுக்கச் சேசம்மா ஒரே ஒரு தடவைதான் பேசினாள்: "பயந்தா திரும்பிருங்க டிரஸ்ஸரம்மா, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்." அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் திரும்பியிருப்பேனோ என்னவோ.

அதிகாரி வெள்ளைக்காரர். இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம், பழக்கம், கிராணியார், என் பையிலிருந்த பால்டின் வரை. வரி வரியாக எழுதினார். இதை விசாரணைக்கு அனுப்புவதாகச் சொன்னார். அது போதுமா போதாதா என்பது அடுத்த மாதம்தான் தெரியும்.

பேனாவை மூடப் போனவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இதை அன்றைக்கே கேட்டில் ஏன் சொல்லவில்லை?"

சேசம்மாவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'பதில் இல்லை' என்று எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்.

போட்டேன்.