சின்னி தின்றது

உப்புமீன் பொரியும் வாசனைக்கு மகளின் பூனை ஓடிவந்தது. ஒரு வயதுதான், சிறுநீரகம் கெட்டுவிட்டது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு, "உப்பே ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருப்பா," என்றாள்.

பாம்பூ என்ற எங்கள் ஊரில், நான் சின்னப் பையனாக இருந்தபோது, எங்கள் பூனை சின்னியும் இப்படித்தான் ஓயாமல் தண்ணீர் குடித்து இளைத்தது. எதை வைத்தாலும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். கரும்புக் கொல்லையிலிருந்து வரும் அப்பா, தன் தட்டிலிருந்த உப்புமீனை முள் எடுத்து ஊட்டுவார். எங்களுக்கு அவர் ஊட்டியதில்லை. சின்னி அதை மட்டும் தின்றது.

"தின்னுது பாரு, பொழச்சிக்கும்," என்பார்.

கரும்பு வெட்டு முடிவதற்குள் அது செத்துப்போனது.

"எங்க சின்னிக்கும் இதே நோவுதான் போல," என்றேன் மகளிடம்.

"அது என்னப்பா சாப்பிட்டுச்சு?"

"வெறுஞ்சோறுதான்," என்றேன்.