அக்கா சொல்லாமல் விட்ட வாதம்

மதுரை விமான நிலைய வாசலில் அக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வலது கை அசைவில்லாமல் மடியில் கிடந்தது. கூட வந்த உதவிப் பெண் குனிந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். அக்கா அவள் வாயையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னம்மோ சொல்றா... ஏற மாட்டேங்குது புள்ள" என்றாள். வாழ்நாளில் பாதிக்கு மேல் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் சட்டம் கற்பித்தவள் அவள். பக்கவாதம் என்று ஏற்கெனவே தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். எது போய்விட்டது என்பது அந்த வாசலில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

எங்கள் அத்தா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருந்தார். பதனிட்ட தோல் கப்பலேறி வெளிநாடு போகும். அக்கா கல்லூரியில் சேர்ந்த வருடம், அனுப்பிய சரக்கு முழுதும் திரும்பி வந்தது. பதனிடச் சேர்க்கும் ஒரு ரசாயனத்துக்கு வாங்கும் நாடு புதிதாகத் தடை போட்டிருந்தது. "ஆர்டர் எடுக்கையில இல்லாத சட்டம், சரக்கு கடல்ல இருக்கையில எங்கிட்டிருந்து வந்துச்சு?" என்று அத்தா பார்ப்பவரிடமெல்லாம் கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. ஷாப்பு மூடிய பிறகு அக்கா சட்டம் படிக்கப் போனாள். உதவித்தொகை கிடைத்து வெளிநாடு போனாள். நாடுகளுக்கிடையே வணிகமும் முதலீடும் எந்த விதிகளின்படி நடக்கின்றன, அந்த விதிகளை எழுதுவது யார், ஏழை நாடுகள் அவற்றுக்குள் எப்படிப் பிழைக்கின்றன என்பதுதான் அவள் படிப்பு, பிழைப்பு, பேச்சு எல்லாம். கல்யாணப் பேச்சை எடுத்தவர்களை அம்மா முன்னாலேயே வாயை அடைத்து அனுப்புவாள்.

அத்தாவுக்காகப் பரிந்து பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்த என்னை ஒருமுறை திருத்தினாள். விடுமுறைக்கு ஊருக்கு வந்து, எங்கள் நாகல் நகர் வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கி, "தடை தப்பில்ல புள்ள. நம்ம ஊரு கெணத்துத் தண்ணி அந்தத் தோல் கழிவுலதான் கெட்டுச்சு. ஆனா விதி எழுதுற மேசையில நம்மாளு ஒருத்தன் உக்காந்திருக்கணும்ல? அம்புட்டுத்தான் நான் கேக்குறது" என்றாள். ஊர்ப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்த எனக்கு அவளுடைய புத்தகங்கள் எட்டவில்லை. இந்தப் பேச்சு எட்டியது.

கடைசியாக அவள் கையில் எடுத்தது ஒரு சின்ன ஆப்பிரிக்க நாட்டின் வழக்கு. சுரங்கக் கழிவு ஆற்றில் கலந்ததால் அந்த அரசு சுரங்கத்தை மூடியது. முதலீட்டு ஒப்பந்தத்தை மீறிவிட்டதாக நிறுவனம் சர்வதேசத் தீர்ப்பாயத்துக்குப் போனது. அரசின் பக்கம் நிபுணராகப் பேச அக்காவை அழைத்திருந்தார்கள். விசாரணை நெருங்கிய ஒரு மாலையில் தன் இளைய சகாவிடம், "ஒப்பந்தத்துக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது, இத்தனை நாள் கண்ணில் படவில்லை, நாளைக்கு விளக்குகிறேன்" என்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலை வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதே விழுந்துவிட்டாள்.

ஊருக்கு வந்த சில வாரங்களில் அந்தச் சகா காணொளியில் அழைத்தார். அவளுடைய கணினியில் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றார். எனக்குத் தெரிந்த பள்ளிக்கூட ஆங்கிலத்தை வைத்து அவர் கேட்டதை அவளுக்குச் சொன்னேன். "அக்கா, அந்த வழி என்னன்னு கேக்குறாரு. எந்தப் பிரிவுன்னாவது சொல்லு."

அக்காவின் முகம் விரிந்தது. அவளுக்குத் தெரிகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "அது... தண்ணி" என்றாள். "தண்ணி மொதல்ல... இவுக பின்ன. எழுதியிருக்கு. அதுல... அந்த..." இடது கை காற்றில் எதையோ பிடிக்கப் போனது. சொல் வரவில்லை. "அந்த... அந்த..." என்று சொல்லிக்கொண்டே நெற்றியில் அறைந்துகொண்டாள். கையைப் பிடித்தேன். திமிறி மறுபடி அறைந்தாள். திரையில் அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலை குனிந்திருந்தார். நான் மொழிபெயர்த்துச் சொன்னது 'தண்ணீர்' என்ற ஒரே சொல்.

அவர் மேலும் சிலமுறை அழைத்தார். ஒவ்வொரு அழைப்புக்கும் முன்னால் அக்கா தலை சீவிவிடச் சொல்வாள். ஒவ்வொன்றும் அப்படியேதான் முடிந்தது. தீர்ப்பு வந்த அன்று அவர் எதுவும் சொல்வதற்கு முன்பே அவர் முகத்தைப் பார்த்து, "தோத்தாச்சா?" என்று தமிழில் கேட்டாள். அதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் தலையசைத்தார். அந்த நாடு நஷ்டஈடு கட்ட வேண்டும். அன்று முழுக்க அக்கா சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் பேச்சுப் பயிற்சிப் பெண் பட அட்டைகளைக் காட்டி ஆடு, குடை, கதவு என்று சொல்ல வைக்கிறாள். அக்கா சொல்கிறாள். ஒருநாள் அட்டைகளைத் தட்டிவிட்டு, அலமாரியில் இருந்த தன் புத்தகத்தைக் காட்டினாள். "அதுல என்ன சொல்லியிருக்கேன்? சொல்லு" என்றாள். தான் எழுதியதை அவளால் வாசிக்க முடியவில்லை.

இப்போது மதியங்களில் அகராதியை வைத்துக்கொண்டு, வாக்கியம் வாக்கியமாகத் தமிழாக்கி அவளுக்குச் சொல்கிறேன். ஒரு பக்கம் தாண்டவே பல நாள் ஆகிறது. சிலதற்குத் தலையாட்டுகிறாள். பலதற்கு "அப்படி இல்ல" என்கிறாள்.

நேற்றும் சொன்னாள். வேறு சொல் போட்டுப் பார்த்தேன். "இல்ல." வாக்கியத்தை மாற்றிப் போட்டேன். "இல்ல புள்ள."

"பின்ன எப்படிக்கா?"

வெகுநேரம் முயன்றாள். தெருவில் ஆட்டோ ஒன்று நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போனது. எனக்குத் தாங்கவில்லை. "சரி விடுக்கா, அடுத்ததுக்குப் போவோம்" என்று தாளைத் திருப்பப் போனேன். அக்கா இடது கையை விரித்து அந்தப் பக்கத்தின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். எடுக்கவே இல்லை.