ஒன்பது குழாயும் ஒரு சிவப்பு விளக்கும்

போன வாரம் தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது, மேடையோரம் இருந்த ஆம்ப்ளிஃபயர் மேல் கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. "தொடாதீங்க சார்" என்றார் ஆபரேட்டர். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பூதலூரில் மூன்று வருடம் மைக் செட் கடையில் வேலை பார்த்தவன் நான். எங்கள் ஆம்ப்ளிஃபயர் மேல் டீ டம்ளரை வைத்தால் ஆறவே ஆறாது. சூடான வார்னிஷ் வாசனை டீயிலும் ஏறிவிடும். அந்த வாசனை எனக்குப் பிடிக்கும் என்றால் என் மனைவி நம்புவதில்லை. நீங்களாவது நம்புங்கள்.

அந்தப் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. தாங்க முடியாத பாரம் வந்தால் உள்ளே 'டிக்' என்று ரிலே சுவிட்ச் விழும், முன்பக்கம் சிவப்பு விளக்கு எரியும், குழாய் ஸ்பீக்கர்களுக்குப் போகும் இணைப்பைத் தானே துண்டித்துக்கொள்ளும். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஒரு 'டிக்'. சத்தம் திரும்பிவிடும். தான் எரிந்துபோகாமல் இருக்க அதற்கு அப்படியொரு ஏற்பாடு. குழாய் கூடக்கூட பாரமும் கூடும். நாலு குழாய்தான் அதற்கு அளவு. எங்கள் பக்கத்து விசேஷத்தில் நாலு குழாய் எந்த மூலைக்கு? பங்காளி, மாமன் வீடு ஒவ்வொன்றையும் பார்த்து ஒரு குழாய் கட்டியாக வேண்டும். விட்டுப்போனால் அந்த வீட்டார் கை நனைக்க வரமாட்டார்கள்.

அப்படி ஒரு காதுகுத்துக்கு ஒன்பது குழாய் கட்டினேன். பாட்டை அடக்கி வாசிக்க வைத்து எப்படியோ ஓட்டிவிட்டேன். வினை ஒன்பதாவது குழாயில் இருந்தது. அது தாய்மாமன் ராஜமாணிக்கத்தின் வீட்டைப் பார்த்த குழாய். அவர் பந்தலில் இருந்தார். அவர் மனைவி செல்வராணி கோபித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். பத்திரிகையில் செல்வராணியின் பெயர் விட்டுப்போயிருந்தது. அதைச் சரிபார்த்துக் கொடுத்தவர் கணவரேதான்.

பெண்டாட்டி பக்கத்தில் இல்லாமல் குழந்தையை மடியில் வைக்க மாட்டேன் என்று ராஜமாணிக்கம் நின்றார். மாமன் மடி இல்லாமல் ஆசாரி ஊசியை எடுக்க மாட்டார். நல்ல நேரம் முடிய அரை மணிதான். வீடு இரண்டு தெரு தள்ளி. நடந்து போய்க் கூப்பிட்டால் கௌரவம் போய்விடுமாம். மைக்கில் ஊரே கேட்கக் கெஞ்சினால் போகாதாம்!

மைக்கைப் பிடித்தார். "செல்வராணி, தப்பு எம்மேலதான். இத்தன வருசத்துல உங்கிட்ட சொல்லாத ஒண்ணு சொல்றேன்..." குரல் உச்சத்துக்குப் போனது. டிக். சிவப்பு விளக்கு. மைக் செத்ததும் அவரும் வாயை மூடிக்கொண்டார்.

சத்தம் திரும்பியதும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அதே இடத்தில் கத்தினார். டிக்.

விசேஷம் கெட்டால் முதல் அடி மைக் செட்காரனுக்குத்தான். இரண்டு குழாயைக் கழற்றலாம் என்று எழுந்தேன். "எங்க வீட்டுக் குழாயில கைய வச்சுப் பாரு" என்று ஏழெட்டுப் பேர் எழுந்தார்கள். ராஜமாணிக்கத்திடமே போனேன்.

"கொஞ்சம் மெதுவா பேசுங்கண்ணே."

"மன்னிப்பு கேக்கறப்ப மெதுவா பேசச் சொல்றியா? அப்பறம் காதுல விழலம்பா அவ!"

மூன்றாவது முறையும் அதே இடம், அதே டிக். பந்தலில் எல்லோரும் என்னைப் பார்க்க, நான் விளக்கைப் பார்த்தேன்.

அப்போது தெருமுனையில் செல்வராணி வந்துகொண்டிருந்தார். வீட்டுப் புடவை, கையில் கழுவாத கரண்டி.

"என்னதான் சொல்ல வந்தீங்க? பாதியில பாதியில நிறுத்துனா மனுசி எப்படி வீட்ல இருக்கறது?"

ராஜமாணிக்கம் மைக்கைக் கீழே வைத்துவிட்டார். அத்தனை கத்தியவர் இப்போது மெதுவாகத்தான் சொன்னார். "ஒண்ணுமில்ல. நீ இல்லாம நல்லால்ல. அவ்ளோதான்."

"இதுக்கா ஊரக் கூட்டுனீங்க?" என்றபடி கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் மணையில் உட்கார்ந்தார். எனக்குக் கண் கலங்கியது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஊசி பட்டதும் குழந்தை மைக் பக்கத்திலேயே வீறிட்டது. டிக்.

குழாய்களுக்குத் தடை வந்து அவையெல்லாம் போய்விட்டன. எடைக்குப் போனதில் எங்கள் பெட்டியும் ஒன்று. இன்றைய பெட்டிகள் கெட்டிக்காரப் பெட்டிகள். எவ்வளவு கத்தினாலும் சத்தத்தைத் தாமே அமுக்கி, ஒரு வார்த்தை விடாமல் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. மைக் பிடிப்பவர்கள் எல்லோரும் சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லி முடிக்கிறார்கள். மீதி என்னவென்று கேட்டு யாரும் வீட்டிலிருந்து கிளம்பி வருவதில்லை.