சேற்றில் தள்ளிய வழக்கு

என் மகன் விழிதியூரில் குடிதண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவன். அரசாங்க உத்தியோகம். எங்கள் வகையறாவில் மாதச் சம்பளம் பார்த்த முதல் ஆள் அவன்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைக்க மாட்டேன்.

நடவு நேரத்தில் வாய்க்கால் தண்ணீருக்காக அவனுக்கும் என் கொழுந்தனாருக்கும் வரப்பில் கைகலப்பு. இரண்டு பேர் மேலுமே போலீஸ் வழக்குப் போட்டது. அதற்குள் ஊரார் கோயில் வாசலில் உட்கார்ந்து பேசி ராஜி செய்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ராஜியாகிவிட்டால் இரண்டு தரப்பும் சேர்ந்தே கோர்ட்டுக்குப் போய், ஆமாம், அடித்துக்கொண்டோம் என்று ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வரும். யாருக்கும் தோல்வி இல்லை. இவர்களும் ஒரே வண்டியில் போய், வழியில் டீ குடித்துவிட்டுத் திரும்பினார்கள்.

கொழுந்தனாருக்கு வயல் இருக்கிறது. வயல் யாரையும் வேலையை விட்டு நீக்காது. என் மகனுக்கோ ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. கோர்ட்டில் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டதால் டிஸ்மிஸ். ஏன், என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோர்ட் தண்டித்த பிறகு இலாகா விசாரணை தேவையில்லை என்று சட்டமே இருக்கிறதாம். ஆனாலும், செய்த காரியம் வேலையைப் பறிக்கிற அளவுக்கானதா என்று பார்த்தாக வேண்டும் என்றார் வக்கீல். அப்பீல் போட்டார்.

மேலதிகாரி கூப்பிட்ட அன்று மகனோடு நானும், கொழுந்தனாரையும் கையோடு அழைத்துக்கொண்டு காரைக்கால் போனேன்.

"எல்லாம் எழுத்துல இருக்கு பெரியம்மா. நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றார் அதிகாரி.

"எனக்குக் கையெழுத்து மட்டுந்தாங்க வரும். அதான் வாயோட வந்துருக்கேன். அடி வாங்குனவரு இதோ நிக்கிறாரு, அவரையாச்சும் கேளுங்க."

கொழுந்தனார் முன்னால் வந்தார். "அய்யா, மம்புட்டிய மொதல்ல ஓங்குனது நாந்தாங்க. பய தள்ளுனான், சேத்துல விழுந்தேன். வெவசாயிக்குச் சேறு என்னங்க புதுசா?"

"காயம்?"

"அன்னைக்கி அண்ணி என்னையத் திட்டுன திட்டுதாங்க இன்னும் ஆறல."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு என் மகன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. என்ன நடந்துச்சு?"

உத்தரவு வந்த நாளிலிருந்து இலாகாவில் யாரும் அவனிடம் இதைக் கேட்டதில்லை. மடையை அடைத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான், தள்ளியதையும் சேர்த்து. நான் குறுக்கே பேசவில்லை. அது எனக்குச் சுலபமான காரியமில்லை.

வேலை திரும்பக் கிடைத்தது. சம்பள உயர்வை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். "அதையும் விட்டுருக்கலாம்" என்று மருமகள் முணுமுணுத்தாள்.

"சித்தப்பனத் தள்ளுனானா இல்லையாடி? வாங்கிக்கட்டும்" என்றேன்.

இது அவனைக் கேட்டுவிட்டுக் கொடுத்த தண்டனை. இதில் எனக்கு ஒரு மானக்குறைவும் இல்லை.