கயிற்றைப் பிடிக்க வேண்டியவன் மச்சான்

இந்த நாட்டில் தலை நரைத்த ஆண்கள் ரயிலில் உட்கார்ந்து படக்கதை படிக்கிறார்கள். ஒருவரும் சிரிப்பதில்லை. என் அண்ணன் அப்படிப் படித்திருந்தால் தூத்துக்குடித் துறைமுகமே கேலி பேசியிருக்கும். மகள் ஜெசிந்தாவோடு பாரிசுக்கு வந்த புதிதில், ‘மிஸ்ஸியே’ என்று எல்லோரும் மரியாதையாகக் கூப்பிடும் மேல்மாடிக் கிழவருக்கு மீன் சமைத்துக் கொடுக்கப் போனேன். அந்தப் புத்தகங்களை வரைகிற கை அவருடையது என்று அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் அவர் புத்தகங்களை ஒன்றுவிடாமல் படித்துவிட்டேன். அவற்றில் ஒரு சொல்கூடக் கிடையாது. வாலிபத்தில் பத்திரிகைக்குக் கொள்ளைக்காரர் கதை வரைந்தவராம். பிறகு ஒருநாள் எழுத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, ஆகாயத்தில் மிதக்கும் ஊர்களை வரைய ஆரம்பித்தாராம்.

“எம்மா, பறக்குற வண்டி செய்யணும்னா சினிமாக்காரங்க மொதல்ல இவரு படத்தத்தான் பொரட்டுவாங்க” என்றாள் ஜெசிந்தா. நம்மூர்த் தியேட்டரில் நான் வாய்பிளந்து பார்த்ததெல்லாம் மேல்மாடிச் சரக்குதான் போலும்.

கை நடுங்கத் தொடங்கிவிட்டதால், இப்போது வரைவதே கடைசிப் புத்தகம் என்றார். மேகக்கடலில் முத்துக் குளிக்கிறவர்கள் கதை. முங்கினவனை மேலே இழுக்கத் தோணியில் கயிறு பிடித்திருப்பது யாரென்று ஜெசிந்தாவை விட்டுக் கேட்டேன். குளிக்கிறவனின் தம்பியாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் புருஷன் சங்கு குளித்த காலத்தில் கயிறு பிடித்தவன் என் அண்ணன். எங்கள் கரையில் அதற்கு மச்சானைத்தான் வைப்பார்கள்.

“தம்பின்னா பங்கு கூடுதலாக் கெடைக்கும்னு விட்டுருவான். மச்சான் விடமாட்டான். தாலியறுத்த தங்கச்சி அவன் வீட்டுக்குல்லா வந்து நிப்பா! சொல்லுளா அவர்ட்ட.”

“ஒலகமே கும்பிடுத மனுசன்ட்ட தப்புன்னு சொல்லச் சொல்லுதியா?” என்றவள், பல்லைக் கடித்துக்கொண்டே நான் சொன்னதை அவரிடம் பிரெஞ்சில் சொன்னாள்.

மிஸ்ஸியே தாள்களை மூடி வைத்துவிட்டார். மறுநாள் மீனோடு போய்த் தட்டினேன்; கதவு திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒரு மனிதரின் கடைசிப் புத்தகத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று பயந்தேன். ஆனால் நான் சொன்னது சரிதான்.

நாலாம் நாள் சட்டையெல்லாம் மையோடு அவரே இறங்கி வந்தார். தம்பியை அழித்து மச்சானை வரைந்தாயிற்று. ஆனால் சொல்லே இல்லாத கதையில், அவன் மச்சான் என்று எப்படிக் காட்டுவதாம்?

“பக்கத்துல தங்கச்சிய நிறுத்தச் சொல்லு. அவ கடலப் பாக்கக் கூடாது. அண்ணன் கையத்தான் பாக்கணும்.”

எங்கள் ஊரில் பெண்கள் சங்குத் தோணியில் ஏறுவதில்லை. மேகக்கடலில் ஏறினால் யார் கேட்கப் போகிறார்கள்?

புத்தகம் வந்தது. தோணியில் நிற்கிறவளுக்கு என் மூக்கு, என் நூல்சேலை. படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பினோம். உடனே கூப்பிட்டான்.

“ஏளா, ஒம் புருசனுக்குக் கயித்த ஒழுங்காத்தான புடிச்சேன்? எதுக்கு இப்படி மொறச்சிக்கிட்டு நிக்க?”

“கைய எடுக்காத, பாத்துக்கிட்டுதான் இருக்கேன்” என்றேன்.

கரையில் இருந்த காலமெல்லாம் நான் ஏறாத தோணியில் மிஸ்ஸியே என்னை ஏற்றிவிட்டார். அது எந்தக் கரைக்குத் திரும்பும் என்பதை மட்டும் அவர் வரையவில்லை.