முனீபைக் கொழும்புக்குக் கொண்டுபோன விதம்

என் தங்கை நஸ்ரியாவின் மாப்பிள்ளை முனீபை எனக்குப் பிடிக்காது. சம்பந்தம் பேச வந்த அன்றே பிடிக்கவில்லை. எங்கள் வாசல் படலையடியில் நின்றுகொண்டு, கூட வந்த சிநேகிதனின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அவன் இவருடைய புதுச் செருப்பை மிதித்துவிட்டானாம். அதைப் பார்த்த எங்கள் வாப்பா, "ரோசமான பொடியன்" என்று மெச்சிக்கொண்டார். வாப்பாவின் கணிப்பு எப்போதும் அந்த லட்சணம்தான்.

எங்கள் கிண்ணியாப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவது. அதனால் பதின்மூன்று வருடமாக இந்த மனிதர் என் பக்கத்து வீட்டில் இருக்கிறார். நடுவில் ஒரு கிடுகு வேலி மட்டும். என் மாப்பிள்ளை கட்டாரில் இருப்பதால் என் வீட்டில் சத்தம் இல்லை. தங்கை வீட்டுச் சத்தம் முழுக்க எனக்குத்தான்.

முனீபுக்கு மீன்பிடித் துறைமுகத்தில் வேலை. பெரிய பெரிய ஐஸ் கட்டிகளைக் கம்பியால் குத்தி உடைத்துப் படகுகளுக்கு ஏற்ற வேண்டும். பகல் முழுக்க உடைத்த கைக்கு மாலையிலும் எதையாவது உடைக்க வேண்டியிருந்தது. மீன் ஏலம் கூறுகிற ஒருவரின் மூக்கை உடைத்தார். சலூனில் வரிசை மாறிப் புகுந்தவனைக் கதிரையோடு தூக்கி றோட்டில் போட்டார். கிழவி ஒருத்தி இறங்கி முடிப்பதற்குள் பஸ்ஸை எடுக்கச் சொன்ன கொண்டக்டரின் முன்பல் இரண்டும் போயின. எல்லா அடிக்கும் அவர் பக்கம் ஒரு நியாயம் இருக்கும். அதுதான் பெரிய தொல்லை. நியாயம் இல்லாத சண்டியனை ஊர் ஒதுக்கி வைக்கும். இவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தது.

"எங்களுக்கு ஒரு நாளும் கை நீட்டினதில்ல ராத்தா," என்று நஸ்ரியா பெருமையாகச் சொல்லுவாள். அவள் வீட்டு அலுமாரிக் கதவில் ஒரு முஷ்டி அளவுக்கு ஓட்டை இருந்தது. அந்தக் குத்து யாருக்கு விழ வேண்டியது என்று ஒரு நாள் கேட்டேன். அவள் அரிசி களையப் போய்விட்டாள். அவளுடைய மகள் பஸ்னாவோ, "என்ட வாப்பாக்குக் கிட்ட ஒருத்தரும் வர ஏலா" என்று பள்ளிக்கூடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

கடைசியில் திருகோணமலை பஸ் நிலையத்தில் விசயம் முற்றியது. ஜன்னலால் லேஞ்சியை எறிந்து சீட்டுப் பிடிப்பது எல்லோரும் செய்கிற வேலைதானே. யாரோ ஒருவர் அப்படி எறிந்துவிட்டு மெதுவாக ஏறி வந்திருக்கிறார். அதற்குள் முனீப் அந்த லேஞ்சியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நின்று வந்தவனுக்கு இடமில்லை, துணித்துண்டுக்கு இடமா என்பது அவருடைய நியாயம். அந்த மனிதர் இவரின் சேட்டைப் பிடித்து எழுப்பப் பார்த்தார். முனீப் அவரின் பிடரியைப் பிடித்து முன்சீட்டுக் கம்பியில் மோதினார். ஒரு தடவையோடு விட்டிருக்கலாம். அவர் கீழே விழுந்த பிறகும் வாயில் மிதித்தார். தாடை இரண்டாகப் பிளந்து போனது. பல்லுக்குக் கம்பி கட்டி, அந்த மனிதர் நெடுநாள் கஞ்சித் தண்ணீரை உறிஞ்சிக் குடித்துக்கொண்டு கிடந்தார். அவருக்கும் ஒரு சின்ன மகள் இருந்தாள். நீதிமன்ற வாசலில் அவள் என் தங்கையை முறைத்துப் பார்த்தபடி நின்றாள்.

நஸ்ரியாவின் காப்புகள் நட்டஈடாகப் போயின. நீதவான் சிறைத்தண்டனையை ஒத்திவைத்தார். இரண்டு வருடத்துக்குள் இன்னொருவர் மேல் கை வைத்தால், ஒரு அறை என்றாலும், நேரே மறியல், கம்பிக்குள்தான். வீடு திரும்பி வந்து நஸ்ரியா வாசலில் உட்கார்ந்து அழுதாள். இவர் உள்ளே போனால் அவளும் பிள்ளையும் என் தலையில் என்பது எனக்கும் தெரியும்.

இந்த நிலைமையில்தான் பஸ்னா புலமைப்பரிசில் சோதனை பாஸ் பண்ணினாள். பாஸ் பண்ணினால் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒட்டகச்சிவிங்கி காட்டுவேன் என்று முனீப் முன்னமே வாக்குக் கொடுத்திருந்தார். பிள்ளை விடிந்தால் பொழுதுபட்டால் அதையே கேட்டது.

"அவர விட்டுட்டு நாம போவம்," என்றேன்.

"வாப்பா வராட்டி நானும் வரல்ல," என்றாள் பஸ்னா.

அன்று பின்னேரம் நஸ்ரியாவின் குசினியில் நாங்கள் இருவரும் இருந்து பயணத்தைத் திட்டம் போட்டோம். மற்றவர்கள் கொழும்பு போவதென்றால் என்ன பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று யோசிப்பார்கள். நாங்கள் எந்த இடத்தில் இந்த மனிதர் யாருக்கு அடிப்பார் என்று யோசித்தோம்.

"ரெயில்ல போனா என்ன? சீட்டு முதலே எடுக்கலாம்," என்றேன்.

"கல்ஓயாச் சந்தியில ரெயில் மணிக்கணக்கா நிண்டா என்ன செய்யிற? சும்மா இரிக்க வச்சாத்தான் அவருக்கு மூளை சூடாகும்."

"பஸ்?"

"பல்லுப் போன கொண்டக்டர் இன்னும் அந்தப் பாதையிலதான் ஓடுறான் ராத்தா."

விடிகாலையில் கிண்ணியாவிலிருந்தே நேராகப் போகிற பஸ் ஒன்றில் எங்கள் சாச்சியின் மகன் நிப்றாஸ் கொண்டக்டராக இருந்தான். அவனிடம் சொல்லி முன்பக்கம் நாலு சீட்டை மறித்து வைத்தோம். முனீப் ஜன்னல் பக்கம். வழியில் நிற்கிற ஒருவரின் பையும் அவரில் முட்டக்கூடாது. ஆகவே இந்தப் பக்கம் நஸ்ரியா. பஸ் சாப்பாட்டுக்கு நிற்கிற கடையில் அவரை இறக்குவதில்லை, வீட்டிலிருந்து றொட்டி. கொழும்பில் ஆட்டோ கூடவே கூடாது. கூலி பேசும்போதே கழுத்தைப் பிடிப்பார். புறக்கோட்டையில் இறங்கித் தெஹிவளை பஸ். அங்கே என் மாப்பிள்ளையின் மாமி வீடு. ஓரிரவு தங்கி, மிருகக்காட்சிசாலையும் காலிமுகத்திடலும் பார்த்துவிட்டு ஊர். எனக்குச் சிங்களம் ஓடும் என்பதால் பேச்சுவார்த்தை முழுக்க என் பொறுப்பு.

"எல்லாம் சரி," என்றேன். "கை? அது சும்மாதானே இரிக்கும்?"

நஸ்ரியா அடுப்புக்குப் பக்கத்திலிருந்த மண்சட்டியைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"மாமி வீட்டுக்கு வெறுங்கையோட போக ஏலாதே. ரெண்டு தயிர்ச்சட்டி எடுப்பம். கைக்கு ஒண்டு."

கிண்ணியா எருமைத் தயிர் என்றால் கொழும்பில் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். சட்டியை நிலத்தில் வைத்தால் யாராவது தட்டிவிடுவார்கள், தூக்கித்தான் பிடிக்க வேண்டும் என்று முனீபிடம் சொன்னோம். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விளங்கிவிட்டது என்று அவர் முகமே சொன்னது. ஆனாலும், "சட்டிக் கட்டு கைய அறுக்காம நல்ல அகலமான பட்டிக் கயிறாப் போடுங்க," என்று மட்டும் சொன்னார்.

பயணம் அதிசயமாக ஒழுங்காக நடந்தது. தம்புள்ளைக்கு அப்பால் குடித்துவிட்டு ஏறிய ஒரு வெறிக்காரன் நஸ்ரியாவின் தோளில் சரிந்தான். முனீபின் கழுத்து நரம்பு புடைத்தது. நான் எழும்பி அந்த ஆளைச் சிங்களத்தில் நாலு வார்த்தை கேட்டுப் பின்னுக்கு அனுப்பினேன். முனீப் மடியிலிருந்த சட்டிகளைப் பிடித்தபடி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சேட்டு வியர்வையில் ஊறியிருந்தது. முதல் தடவையாக எனக்கு அந்த மனிதர் மேல் ஒரு சொட்டு இரக்கம் வந்தது. அதிகம் இல்லை.

புறக்கோட்டையில் மத்தியானம் இறங்கினோம். தெஹிவளை பஸ் நிற்கிற பக்கம் எங்கே என்று நான் ஒரு வெற்றிலைக்காரியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். பஸ்ஸைப் பிடிக்க ஓடிய எவனோ முனீபை இடித்துக்கொண்டு போனான். இடது கைச் சட்டி கயிற்றோடு கழன்று விழுந்து வெடித்தது. பக்கத்தில் புகைத்துக்கொண்டு நின்ற வாட்டசாட்டமான ஒருவனின் காற்சட்டை முழங்கால் வரைக்கும் தயிர்.

முனீப் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் அறை விழுந்தது. அவருடைய தலை ஒரு பக்கம் திரும்பிப் போனது. அவன் கெட்ட வார்த்தையில் முனீபின் உம்மாவை இழுத்தான். அதை விளங்கிக்கொள்ள யாருக்கும் சிங்களம் படிக்கத் தேவையில்லை. அவனோடு நின்ற இன்னொருவன் காலால் எத்தினான். இரண்டாவது சட்டியும் போனது.

இப்போது முனீபின் இரண்டு கையும் சும்மா இருந்தன. ஒரு கை எழும்பியது. நான் கண்ணால் கண்டேன், தோள் வரைக்கும் எழும்பியது. எழும்பிய கை பின்னால் போய், நின்றிருந்த பஸ்ஸின் ஏணிக் கம்பியைப் பிடித்தது. மற்றக் கையும் போய்ப் பிடித்தது. அப்படியே நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அவர்கள் அடித்தார்கள். எதிர்க்காதவனை அடிப்பதில் சிலருக்கு ஒரு தனி ருசி. வாட்டசாட்டமானவன் வாயில் குத்தினான். உதடு கிழிந்து இரத்தம் சேட்டில் வடிந்தது. மற்றவன் பெல்ட்டைக் கழற்றி அதன் இரும்புப் பக்கத்தால் புருவத்தில் விளாசினான். வயிற்றில் முழங்கால் ஏறியபோது முனீப் மடக்குக் கத்தி மாதிரி மடங்கினார், ஆனால் கம்பியை விடவில்லை. நான் சிங்களத்தில் கத்தினேன், தமிழில் கத்தினேன். யாரோ என்னைத் தள்ளி விழுத்தினார்கள். பஸ்னா இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அந்த நேரத்தில்தான் நஸ்ரியா முனீபைப் பார்த்துக் கத்தினாள்.

"அடிங்க! அல்லாக்காக அடிங்க! கொல்லுங்க அவன!"

என் தங்கையின் குரல் அது. காப்பை விற்றவள், குசினியில் உட்கார்ந்து இந்தக் கைகளுக்குச் சட்டி தேடியவள். முனீப் இரத்தம் வடிகிற கண்ணால் அவளைப் பார்த்தார். தலையை ஆட்டினார், இல்லை என்று.

வெற்றிலைக்காரி தன் பாக்குவெட்டியைத் தூக்கிக்கொண்டு சிங்களத்தில் ஏசியபடி நடுவில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் வந்தார்கள். பொலிஸ்காரர் ஒருவர் வருவதைக் கண்டதும் அடித்தவர்கள் கூட்டத்துக்குள் மறைந்துவிட்டார்கள். பொலிஸ்காரர் யார் அடித்தது என்று கேட்டார். நான் வாயைத் திறக்க முதல் முனீப் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், தான் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். தரை முழுக்கத் தயிர் கிடந்ததால் பொலிஸ்காரர் மேற்கொண்டு கேட்கவில்லை.

வெற்றிலைக்காரி ஒரு போத்தல் தண்ணீர் தந்தாள். காயத்தைக் கழுவிவிட்டுத் தெஹிவளை பஸ்ஸில் ஏறினோம். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். காரணம் கேட்பார்கள், வேண்டாம் என்றார். பின்சீட்டில் நாலு பேரும் வரிசையாக இருந்தோம். முனீபின் ஒரு கண் மூடிப்போயிருந்தது. பஸ்னா அவரோடு ஒட்டாமல் எனக்கு இந்தப் பக்கம் வந்து இருந்தாள். அவளுக்கு வெட்கம். ஊரே பயப்படுகிற வாப்பா றோட்டில் அடி வாங்கியதைப் பார்த்துவிட்டாள்.

கொள்ளுப்பிட்டி தாண்டிய பிறகுதான் வாய் திறந்தாள்.

"பயந்திட்டீங்களா வாப்பா?"

"ஓம் மகள். பயந்துதான் போனன்."

"அந்த ஆளுக்கா?"

"மறியலுக்கு. என்ன உள்ள போட்டா உன்ன ஆரு பாக்கிற?"

அந்த மனிதரின் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை நான் அதுவரைக்கும் கேட்டதில்லை. பஸ்னா அதை யோசித்துக்கொண்டு வந்தாள். பிறகு எனக்கு மேலால் எட்டி நஸ்ரியாவைப் பார்த்தாள்.

"அப்ப உம்மா ஏன் 'அடிங்க, கொல்லுங்க' எண்டு கத்தினவ? உம்மாக்கு மறியல் தெரியாதா?"

நஸ்ரியாவின் முகத்தில் இரத்தம் இல்லாமல் போனது. பதின்மூன்று வருடமாக அவரை அடக்கி அடக்கி வைத்தவள் அவள்தான். அந்த ஒரு நிமிடத்தை இந்தப் பிள்ளை சாகும்வரைக்கும் மறக்காது என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது.

"அது உம்மா இல்ல மகள்," என்றார் முனீப், கிழிந்த உதட்டால். "கத்தினது பெரியும்மா."

பஸ்னா என் பக்கம் திரும்பினாள். முனீபும் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. ஒரு பிடி உப்புக்கூட வேலிக்கு மேலால் கேட்டதில்லை.

"ஓம் மகள்," என்றேன். "நான்தான் கத்தினனான்."

"உங்களுக்கு வெக்கமில்லையா பெரியும்மா?" பிள்ளையின் கண்ணில் உண்மையான கோபம் இருந்தது. "வாப்பா அடிச்சிருந்தா மறியலுக்குப் போயிருப்பார். பெரிய ஆக்கள் கதைக்கிற கதையா அது?"

"இல்ல மகள். பிழைதான்," என்றேன்.

அவள் எழும்பி, என்னையும் உம்மாவையும் கடந்து போய், வாப்பாவின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். நஸ்ரியா என் கையைப் பிடித்திருந்தாள். தெஹிவளைச் சந்தி வரும்வரைக்கும் அவள் அந்தப் பிடியை விடவில்லை, நானும் கையை இழுக்கவில்லை.