மாட்டுங்கா குளியலறையில் நானும் நெட்டைக்கால் சிலந்தியும்

இன்று எங்கள் குடியிருப்புக் குழுவில் ஒருவர் நெட்டைக்கால் சிலந்தியின் படத்தைப் போட்டு, "இது விஷமா? அடிச்சுடலாமா?" என்று கேட்டிருந்தார்.

எனக்கு அதோடு பழைய பழக்கம் உண்டு.

அறுபதுகளின் கடைசி. கல்யாணமாகி மாட்டுங்காவுக்கு வந்து பத்தே நாள். குளியலறைத் தாழ்ப்பாள் இறுகி, உள்ளே மாட்டிக்கொண்டேன்.

"பதறாதேடி, தாழ்ப்பாளைக் கழட்ட மிஸ்திரியைக் கூட்டிண்டு வரேன்" என்று மாமியார் வெளியே போனார். வீட்டில் வேறு யாருமில்லை.

ஜன்னல் இல்லாத அறை. மூலையில், என் தலைக்குச் சற்று மேலே, அது தொங்கியது. அரிசி அளவு உடம்பு, மயிரிழை போல எட்டுக் கால்கள். துடைப்பத்தால் வலையைத் தட்டினேன்.

அது பாயவில்லை. இருந்த இடத்திலேயே கிடுகிடுவென்று ஆடியது, உருவமே தெரியாத வேகத்தில். அடங்கிய பிறகுதான் பார்த்தேன். வாயில் பொடிப்பொடி முட்டைகளை உருண்டையாகக் கவ்விக்கொண்டிருந்தது. அத்தனை ஆட்டத்திலும் விடவில்லை.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு, பத்து நாளாக அடக்கியிருந்த அழுகையை அழுது தீர்த்தேன்.

கதவு திறந்ததும் மாமியார் என் அழுத முகத்தையும் மூலையில் தொங்கியதையும் பார்த்து, "சிலந்தி கடிச்சுடுத்தா?" என்றார்.

"இல்லை. அம்மா ஞாபகம்."

அன்று சாயங்காலமே என்னை உட்காரவைத்து அம்மாவுக்குக் கடிதம் எழுதச் சொன்னார்.

இன்று குழுவில், "அது மனுஷாளை ஒண்ணும் பண்ணாது, விட்டுடுங்கோ" என்று பதில் போட்டேன்.

"ஒட்டடை அடிக்கச் சோம்பலா மாமி?" என்று ஒருவர் கேட்கிறார்.

அதுவும் உண்மைதான். உங்கள் வீட்டில் எத்தனை நெட்டைக்கால்காரர்கள் தொங்குகிறார்கள்?